தண்ணீர் உடனே வடிந்தது, சேறு காய நாளானது

என் பின்கழுத்துக் கறுப்பை அழுக்கு என்றுதான் அம்மா நினைத்திருந்தார். சனிக்கிழமைகளில் என்னைக் கிணற்றடியில் குந்த வைத்து, பயத்தம்மாவும் தேசிக்காய்ப் பாதியுமாகத் தேய்ப்பார். நாற்பது வயதுக்காரியைக் குழந்தைப்பிள்ளை மாதிரித் தேய்க்கிறாரே என்று பக்கத்து வீட்டு மாமி வேலிக்கு மேலால் பார்த்துச் சிரிப்பார். தோல் எரியும், சிவக்கும், கறுப்பு மட்டும் போகாது. வெல்வெட் துணிபோலத் தடித்து மடிப்பு மடிப்பாகக் கிடந்தது. அது அழுக்கல்ல, இரத்தத்தில் இன்சுலின் அளவுக்கு மிஞ்சி நிற்பதன் அடையாளம் என்று கொழும்பில் ஒரு டொக்டர் என் தலைமயிரை விலக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார். பார்த்தது பத்து விநாடி இருக்கும். அம்மா தேய்த்தது பத்து வருடம்.

2022 தை மாதம் எனக்கு நிறை குறைக்கிற இரைப்பை பைபாஸ் சத்திரசிகிச்சை நடந்தது. அப்போது வயது 44, உயரம் 158 சென்ரிமீற்றர், நிறை 112 கிலோ. சீனி வருத்தம் ஒன்பது வருடமாக இருந்தது. மூன்று மாதச் சீனியின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 9.4. பிரஷருக்கு இரண்டு குளிசை, நெஞ்செரிவுக்கு ஒன்று, முழங்காலுக்கு வலிக் குளிசை. முல்லைத்தீவில் எங்கள் முள்ளியவளைப் பக்கத்தில் இந்தச் சத்திரசிகிச்சை செய்த வேறு ஆளை எனக்குத் தெரியாது. கேட்க ஆளில்லாமல் தடக்கி விழுந்து படித்ததைத்தான் எழுதுகிறேன். என்னுடைய குளிசைக் கணக்கைப் பார்த்து உங்களுடையதை மாற்ற வேண்டாம். இதை ஒருமுறைதான் சொல்வேன்.

எப்படி இவ்வளவு குண்டானாய் என்று கேட்பவர்களுக்கு ஒரு கதை தயாராக வைத்திருந்தேன். 2009 இல் போர் முடிந்து செட்டிகுளம் அகதி முகாமில் நிறுத்தபோது நான் 41 கிலோ. திரும்பி வந்து தறப்பாள் கொட்டிலில் உலை வைத்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் சோறு மிஞ்சினதில்லை, மிஞ்ச நான் விட்டதில்லை. பானையில் ஒட்டியதைத் தண்ணீர் விட்டு வழித்துக் குடித்துவிட்டுத்தான் கழுவப் போடுவேன். பட்டினி கிடந்த உடம்பு கிடைத்ததையெல்லாம் சேர்த்து வைக்கும் என்று சொல்வேன். கேட்பவர்கள் பேசாமல் போய்விடுவார்கள். ஆனால் அம்மாவும் அதே முகாமில்தான் இருந்தார், இன்றும் 48 கிலோ. மிச்சக் கதை கூட்டுறவுச் சங்கத்தில் எட்டு மணிநேரக் கணக்கு மேசை, பத்து மணிக்கும் மூன்றரைக்கும் இரண்டு கரண்டிச் சீனித் தேத்தண்ணியும் பணிசும். எங்கள் பரம்பரையில் சீனி வருத்தமும் உண்டு. ஊரில் ஒருவரும் குண்டு என்று சொல்லவில்லை. "இப்பதான் பிள்ளை ஆளாத் தெரியுறாய்" என்றார்கள்.

மூன்று தடவை மெலிந்தேன். ஒருமுறை குரக்கன் கஞ்சி மட்டும், ஒருமுறை இராச்சாப்பாட்டை விட்டு, ஒருமுறை யாரோ வீடியோவில் சொன்னதைக் கேட்டு. எட்டுக் கிலோ, பத்துக் கிலோ குறையும். பிறகு ஒரு பசி வரும். இரவு பதினொரு மணிக்கு எழுப்பி, பாணைக் கறிச்சட்டியில் தோய்த்து இருட்டிலேயே நின்று சாப்பிட வைக்கிற பசி. வாய்க்கட்டு இல்லாதவள் என்று என்னை நானே ஏசிக்கொள்வேன். நடந்தது வேறு. கொழுப்புக் கலங்கள் சுருங்கும்போது அவை விடுகிற லெப்டின் என்ற ஓமோன் குறைகிறது. இரைப்பை விடுகிற கிரெலின் கூடுகிறது. பஞ்சம் வந்துவிட்டது என்று மூளை எடுத்துக்கொள்கிறது. கூடவே, சும்மா படுத்திருக்கும்போது எரிக்கிற சக்தியையும் உடம்பு குறைத்துவிடுகிறது. பள்ளிக்கூட விஞ்ஞானத்தில் அனுசேபம் என்று படித்தோமே, அதுதான். நிறை குறைந்த அளவுக்கு மட்டும் குறைந்தால் பரவாயில்லை, அதற்கும் கொஞ்சம் கீழே இறங்கி நிற்கும். சரி, பஞ்சம் பார்த்த ஊர்க்காரிக்கு இது விளங்காதா? உலையில் போடும் அரிசியை அரைச் சுண்டாகக் குறைத்து நாங்களும் இதைத்தானே செய்தோம்.

சத்திரசிகிச்சை பற்றி முதலில் சொன்னவர் கனடாவில் இருக்கிற அண்ணா. எனக்குக் கோபம்தான் வந்தது. வெட்டி மெலிகிறது பணக்காரரின் அழகு வேலை என்று நினைத்திருந்தேன். கொழும்பு டொக்டர் ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார். நிறையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது உடற்திணிவுச் சுட்டி. எனக்கு 44.9. நாற்பதுக்கு மேல், அல்லது 35க்கு மேலிருந்து சீனி வருத்தம் மாதிரி ஏதாவது கூட இருந்தால் இந்தச் சத்திரசிகிச்சையை யோசிக்கலாம் என்பது 1991 இல் அமெரிக்காவில் வகுத்த அளவு. எனக்குச் செய்த அதே வருடக் கடைசியில் அதையும் தளர்த்தி, 35 என்றாலே போதும், ஆசியர்களுக்கு 27.5 இலிருந்தே யோசிக்கலாம் என்று ஆக்கிவிட்டார்கள். எங்கள் உடம்பில் கொழுப்பு வயிற்றைச் சுற்றிச் சேர்கிறது, குறைந்த நிறையிலேயே சீனியும் வந்துவிடுகிறது. காரணம் அதுதான்.

பெரும்பாலும் இரண்டு வகை செய்கிறார்கள். ஒன்றில் இரைப்பையின் ஐந்தில் நாலு பங்கை நீளவாக்கில் வெட்டி எடுத்துவிட்டு ஒரு குழாயாக விடுகிறார்கள். கிரெலின் அதிகம் சுரக்கிற மேற்பகுதியும் அதோடு போய்விடும். மற்றது எனக்குச் செய்தது. இரைப்பையின் மேல் முனையில் 30 மில்லிலீற்றர் கொள்ளுகிற சிறு பை ஒன்றைப் பிரித்து, அதைச் சிறுகுடலின் கீழ்ப்பக்கத்தோடு பொருத்துகிறார்கள். மிச்ச இரைப்பையும் முன்சிறுகுடலும் உள்ளேதான் இருக்கும், ஆனால் சாப்பாடு அந்த வழியால் போகாது. குழாய் வகை லேசு என்று கேள்விப்பட்டு அதைத்தான் கேட்டேன். வாய்வழியே கமராக் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, இவ்வளவு நெஞ்செரிவுள்ளவளுக்கு அதைச் செய்தால் எரிவு கூடும் என்று மறுத்துவிட்டார்கள்.

அதற்கு முந்திய இரண்டு கிழமையும் மாச்சாப்பாடு கிட்டத்தட்ட இல்லை. பால், தெளிந்த சூப், முட்டை வெள்ளை, அவித்த இலைக்கறி. மெலிய வைக்க அல்ல, ஈரலைச் சுருக்க. கொழுப்பேறிய ஈரல் இரைப்பைக்கு மேல் கவிழ்ந்து கிடக்கும், கருவியை விட இடமிருக்காது. கடைசி நாள் ஒரு ரோல்ஸ் சாப்பிடலாம் என்று ஆசைப்படுபவர்கள் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

சத்திரசிகிச்சை பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. மயக்கினார்கள், எழுந்தேன், வயிற்றில் ஐந்து சின்ன ஒட்டு. பின்னேரமே எழுப்பி நடக்க விட்டார்கள். காலில் இரத்தம் கட்டக்கூடாது என்று வயிற்றில் ஊசியும் போட்டார்கள். மூன்றாம் நாள் காலை விரலில் குத்திப் பார்த்த மிஸ்ஸி 131 என்றார். என் காலைச் சீனி வருடக்கணக்காக இருநூறுக்குக் கீழே வந்ததில்லை. அன்றைக்கு ஒரு குளிசையும் போட்டிருக்கவில்லை, நிறையும் இன்னும் குறையவில்லை. மெசின் பிழையோ என்று கேட்டேன். சிரித்துவிட்டு மற்ற விரலில் குத்தினார். 128.

எனக்கு மட்டும் நடந்த அதிசயமல்ல இது. பல வருடங்களாக பைபாஸ் செய்துவந்த அமெரிக்க நிபுணர் வோல்டர் போரீஸ் 1995 இலேயே இதை எழுதியிருக்கிறார். உடம்பு மெலிவதற்கு முன்னமே, சில நாட்களுக்குள், நோயாளிகளின் சீனி இறங்கிவிட்டது. காரணம் பாதை மாற்றம். சாப்பாடு முன்சிறுகுடலைத் தொடாமல் நேரே கீழே போய் விழுகிறது. அங்குள்ள கலங்கள் ஜிஎல்பி-1, பிவைவை என்ற ஓமோன்களை முன்பைவிடப் பல மடங்கு விடுகின்றன. முதலாவது, கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கும். இரண்டும் சேர்ந்து மூளைக்குப் போதும் என்று சொல்லும். இப்போது கிழமைக்கு ஒன்றாகப் போடுகிற செமாகுளுடைட் ஊசி இந்த ஜிஎல்பி-1 ஐப் பார்த்துச் செய்ததுதான். இதைவிட, முதல் நாட்களில் உள்ளே போவதே சில மிடறு என்பதால் ஈரல் கொழுப்பு கரைந்து, இரவில் ஈரல் சீனியை அள்ளி விடுவதும் குறைகிறது.

இதை என் கணவரிடம் விளங்கப்படுத்தினேன். இவர் வயல்காரர். "வாய்க்காலை மறிச்சா வயலில தண்ணி அண்டைக்கே வடியும். சேறு காய நாள் எடுக்கும்" என்றார். அழற்சியைப் பற்றி அப்போது இவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் எனக்கு நடந்தது அப்படியே அதுதான்.

அடிபட்ட இடம் சிவந்து, வீங்கிச் சுடுகிறதே, அது அழற்சி. உடம்பு தன்னைக் காக்கச் செய்கிற வேலை. குண்டான உடம்பில் அடிபடாமலே அது நடந்துகொண்டிருக்கிறது. அரிசி ஆலைக்குப் பின்னால் உமிக்குவியல் நாட்கணக்கில் புகையுமே, நெருப்புத் தெரியாது, கால் வைத்தால் சுடும், அந்த மாதிரி. அளவுக்கு மிஞ்சி ஊதிய கொழுப்புக் கலங்களைச் சுற்றி, கிருமியை விழுங்க வேண்டிய வெண்குருதிக் கலங்கள் வந்து குவிகின்றன. அவை விடுகிற பொருட்கள் இன்சுலின் சொல்வதைத் தசையும் ஈரலும் கேட்காமல் செய்கின்றன. ஈரல் சிஆர்பி என்ற புரதத்தை இரத்தத்தில் விடும். அதை அளந்தால் எவ்வளவு புகைகிறது என்று ஓரளவு தெரியும். எனக்கு முன்னர் 11. சத்திரசிகிச்சைக்கு இரண்டாம் நாள் 90ஐத் தாண்டிவிட்டது. பயந்துவிட்டேன், அது வெட்டுக்காயத்துக்கு உடம்பு காட்டுகிற சூடு என்றார்கள். மூன்றாம் மாதம் 7. ஒரு வருடத்தில் 2க்குக் கீழே. சீனி மூன்று நாளில் வடிந்தது, இந்தச் சேறு காய ஒரு வருடம் எடுத்தது.

முழங்கால் வலி குறைந்ததற்கு நிறை குறைந்ததே போதிய காரணம். ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலுக்கு நாலு கிலோப் பாரம் குறைகிறது என்று அளந்து வைத்திருக்கிறார்கள். ஆனால் என் கைவிரல்களும் இலகுவாகின. முன்பு காலையில் தேங்காய்ப்பாதியைப் பிடித்துத் துருவ முடியாது, விரல்கள் மடங்க அரை மணிநேரம் வேண்டும். எட்டாம் மாதமளவில் அது போய்விட்டது. நான் விரலால் நடக்கவில்லையே.

கொழும்பில் வெள்ளவத்தையில் சித்தி வீட்டில் 12 நாள் நின்றேன். நல்ல முடிவு. உள்ளே பொருத்திய இடம் கசிந்தால் முதல் கிழமையில்தான் பெரும்பாலும் தெரியவரும். காய்ச்சல், நெஞ்சு படபடப்பு, தோள்மூட்டு வலி எது வந்தாலும் ஓடி வா என்று சொல்லியிருந்தார்கள். 300 கிலோமீற்றருக்கு மேல் தள்ளி முள்ளியவளையில் இருந்துகொண்டு எப்படி ஓடுவது? திரும்பும்போது பஸ்ஸை விட்டு ரயிலில் மாங்குளம் வந்தேன், மணிக்கொருதரம் எழுந்து நடக்கலாம் என்பதால்.

இனிக் குசினி. கையில் தந்த சாப்பாட்டுத் தாள் சிங்களத்திலும் இங்கிலீசிலும் இருந்தது. ஓட்ஸ், டோஃபு, கொழுப்பெடுத்த யோகட். எங்கள் ஊர்க்கடையில் இதில் ஒன்றுமில்லை. சித்தியின் மகள் மொழிபெயர்த்துத் தர, நான் ஒரு கொப்பியில் எங்கள் சாப்பாட்டுக்கு மாற்றி எழுதினேன். முதல் இரண்டு கிழமை தண்ணீராக ஓடுவது, பிறகு கரைத்தது, பிறகு மசித்தது, இரண்டாம் மாதக் கடைசியில்தான் மென்று தின்கிறது. பாணி மருந்துப் போத்தலோடு வருகிற சின்னப் பிளாஸ்டிக் கிண்ணம்தான் அளவு. பருப்பை வேகவைத்து வடித்த தண்ணீர் அதில் ஒரு கிண்ணம், அரை மணிநேரத்தில் குடிக்க வேண்டும். ஒரு நாளைக்கு 60 கிராம் புரதமாவது சேர வேண்டும் என்பதுதான் பெரிய பாடு. ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் மீனில் 20 கிராம் அளவு. இப்படிப் பார்த்தால் எங்கள் ஊருக்கு என்ன குறை? குளத்து ஜப்பான் மீனை முள் எடுத்துச் சொதியில் மசித்தால் குழந்தைச் சாப்பாடு மாதிரி இறங்கும். விரால் அதைவிட நல்லது. நெத்தலி, நந்திக்கடல் இறால், எருமைத் தயிர், அவித்த பயறு. கோப்பையில் முதலில் மீனும் முட்டையும், பிறகு மரக்கறி, இடமிருந்தால் சோறு. சோற்றுக்கு நடுவே கறி வைத்துப் பழகிய கைக்கு இந்த வரிசை வர மூன்று மாதம் ஆனது. புரதம் குறைந்தால் கொழுப்போடு தசையும் கரைந்துவிடும். தசை போனால் உடம்பு எரிக்கிற சக்தி இன்னும் குறையும், பழைய கதைதான் திரும்ப வரும்.

சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக்கூடாது, அரை மணிநேரம் இடைவெளி வேண்டும். மடக்கு மடக்கென்றும் குடிக்க முடியாது. கச்சான் காற்று வீசுகிற ஆனி ஆடியில் இது தண்டனை. செம்பைத் தூக்கி அண்ணாந்து ஊற்றிக் குடித்த வாய், மணிக்கூட்டைப் பார்த்து மிடறு மிடறாக உறிஞ்ச வேண்டும். ஒரு லீற்றர் போத்தலில் பேனையால் மணிநேரக் கோடு போட்டு, காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று முடித்தேன். பைபாஸ் செய்தவர்களுக்குச் சிறுநீரகக் கல் வரும் சாத்தியம் கூட. எங்கள் கிணற்றுத் தண்ணீர் கேத்திலில் வெள்ளைப் பொருக்கு விடுகிற தண்ணீர். இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

புட்டுச் சம்பவத்தைச் சொல்லாமல் விட்டால் இவர் சொல்லிவிடுவார். சித்திரை வருடப்பிறப்புக்கு அடுத்த நாள், மூன்றாம் மாதம் முடிகிற நேரம். அம்மா அவித்த புட்டு, மேலே ஆவி பறக்கிறது. ஒரு விரற்கடை எடுத்து மீன் குழம்பில் நனைத்து வாயில் போட்டேன். இரண்டு தரம் மென்றேன், பழைய பழக்கத்தில் விழுங்கிவிட்டேன். நெஞ்சுக் குழியில் ஒரு கல் மாதிரி நின்றது. கீழும் போகாது, மேலும் வராது. வாயில் நுரை நுரையாக எச்சில் ஊறுகிறது. கிணற்றடிக்கு ஓடி, வாழையைப் பிடித்துக்கொண்டு ஒரு மணிநேரம் நின்றேன். அம்மா முதுகைத் தடவிக்கொண்டு "என்ர புட்டு இறுகிப்போச்சோ பிள்ளை" என்று அழுதார். புட்டு இறுகவில்லை, பூப்போலத்தான் இருந்தது. பை முட்டையளவு, வாசல் விரலளவு. உலர்ந்த மா அங்கே ஊறிப் பருத்துவிட்டது. இடியப்பம் சொதியில் நனைந்தால் போகும், பாண் போகாது, தோசை ஓரம் போகும். ஆளுக்கு ஆள் இது வேறுபடும் என்கிறார்கள்.

அந்த வைகாசியில், போரின் கடைசி நாட்களை நினைத்து, முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சிச் சந்தியில் கொடுத்தார்கள். சிரட்டையில் ஊற்றித் தந்தார்கள். அன்று, 2009 இல், அந்த ஒரு சிரட்டைக்காக நான் எத்தனை மணிநேரம் வரிசையில் நின்றேன், மகனுக்குக் கொடுத்துவிட்டு அடியில் விரல் விட்டு வழித்ததெல்லாம் நினைவில் இருக்கிறது. இப்போது அரைச் சிரட்டையில் நிரம்பிவிட்டது. மீதியைக் கொட்ட மனம் வரவில்லை. கையில் பிடித்துக்கொண்டே வீடு வந்து நாய்க்கு வைத்தேன். கோப்பையில் மிச்சம் விடுவதற்கு உடம்பு பழகிவிட்டது, மனம் பழகவில்லை. சத்திரசிகிச்சைக்கு முன் மனநல ஆலோசகரைப் பார்க்கச் சொன்னபோது எனக்கென்ன பைத்தியமா என்று நினைத்தவள் நான்.

இனிப் பிழைகள். கொழும்பில் சீனிக்கான கிளிக்லசைட் குளிசையை நிறுத்தி, மெட்போர்மினைப் பாதியாக்கி ஆங்கிலத்தில் கடிதம் தந்திருந்தார்கள். ஊர்க் கிளினிக்கில் அந்தக் கடிதம் கொப்பிக்குள் மடித்தபடியே இருக்க, பழைய பக்கத்தைப் பார்த்துப் பழைய குளிசைகளையே கட்டித் தந்துவிட்டார்கள். அன்று சனம் அதிகம், அவசரம். நானும் பார்க்காமல் போட்டேன், பாதிப் பிழை என்னுடையது. இரவு இரண்டு மணிக்குக் கை நடுங்கி, சட்டை தெப்பமாக வியர்த்து எழுந்தேன். சீனி 52. இவர் குளுக்கோசைக் கரைத்து ஒவ்வொரு கரண்டியாகப் பருக்கினார். அடுத்த நாளே கிளினிக் கொப்பியின் வெளிமட்டையில் சிவப்புப் பேனையால் பெரிதாகத் தமிழில் எழுதி ஒட்டினேன்: இரைப்பை பைபாஸ் செய்தவர், கிளிக்லசைட் நிறுத்தப்பட்டது, டைக்ளோபினாக், இபுபுரூபன் வலிக் குளிசைகள் கொடுக்க வேண்டாம். இந்த வலிக் குளிசைகள் பொருத்திய இடத்தில் புண்ணாக்கும். எங்கள் பக்கத்தில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மருந்துக்கடைக்குப் போனால் முதலில் தருவதே அதுதான். வலிக்குப் பனடோல் மட்டும்.

2022 இன் நடுப்பகுதியில் நாடு இருந்த நிலை உங்களுக்குத் தெரியும். பெற்றோல் இல்லை, மருந்தில்லை, உள்ளதும் மூன்று மடங்கு விலை. பித்தப்பையில் கல் வராமலிருக்க ஆறு மாதம் போடச் சொன்ன குளிசை நாலாம் மாதத்தோடு எங்கும் கிடைக்கவில்லை. விற்றமின் குளிசையை ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டேன். ஆறாம் மாதச் சோதனைக்குக் கொழும்பு போகவில்லை. மெலிந்துவிட்டேன்தானே, இனி என்ன என்ற எண்ணமும் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. தலைமயிர் கொத்துக் கொத்தாகக் கொட்டியது. நாலைந்து மாதத்தில் கொட்டுவது வழமை, திரும்ப முளைக்கும் என்று சொல்லியிருந்ததால் பொருட்படுத்தவில்லை. ஆனால் களைப்பு வந்தது. உள்ளங்கால் மரத்தது. கடைசியில் கார்த்திகை மாதம் இரத்தம் பார்த்தால் இரும்பும் பி12 உம் தரையில். முன்சிறுகுடல் வழியே சாப்பாடு போகாததால் இரும்பும் கல்சியமும் சரியாக உறிஞ்சப்படாது. பி12 ஐப் பிடித்துக்கொடுக்கிற பொருளை இரைப்பைதான் சுரக்கிறது, அந்த இரைப்பையோ வழியிலேயே இல்லை. முருங்கையிலையும் பொன்னாங்காணியும் எவ்வளவு தின்றாலும் இதை ஈடு கட்டாது. பி12 ஊசி போட்டார்கள், இரும்பு நாளத்தில் ஏற்றினார்கள். இந்த விற்றமின்கள் சாகும்வரை. செலவைக் கணக்குப் பார்க்கும்போது சத்திரசிகிச்சைக் காசை மட்டும் பார்க்காதீர்கள், மாதாமாதம் இதையும் போடுங்கள். விடாமல் சத்தி வந்தால் தியாமின் என்ற விற்றமின் வற்றி மூளையைப் பாதிக்கலாம். அதை வாய்வு, கண்ணூறு என்று வீட்டில் வைத்துப் பார்க்கக்கூடாது.

விரதம் இன்னொரு சிக்கல். வெள்ளி மரக்கறி என்றால் அன்று புரதம் பாதியாகிவிடும். இப்போது வெள்ளியில் தயிரும் கடலையும் கௌபியும் கூட்டுகிறேன். கந்தசட்டிக்கு ஆறு நாள் தண்ணீரோடு இருந்த ஆள் நான், அதை விட்டுவிட்டேன். அம்மாவுக்கு மனவருத்தம். முருகனிடம் தானே சொல்லிக்கொள்வதாகச் சொல்லி, இப்போது எனக்கும் சேர்த்து அவர் பிடிக்கிறார்.

2023 தைப்பொங்கல். ஒரு வருடம் முடிந்தது என்ற துணிவில் பனங்கட்டிப் பொங்கல் நாலு கரண்டி சாப்பிட்டேன். கால் மணிநேரத்தில் நெஞ்சு அடிக்கிறது, முகம் சுடுகிறது, வியர்வை, வயிற்றுளைவு. முற்றத்தில் கோலத்துக்குப் பக்கத்திலேயே பாயைப் போட்டுப் படுத்தேன். இனிப்பு தடையில்லாமல் குடலில் கொட்டுப்பட்டால் குடல் தண்ணீரை இழுக்கும், இது பைபாஸ்காரருக்கு வழமையான விஷயம். விருந்தாளிகளுக்கு என்ன சொல்வது? வெயில் என்றேன்.

ஊர்க் கதைகள் தனி. மெலிந்ததும் முதலில் புற்றுநோய் என்றார்கள், பிறகு இவர் சோறு போடுவதில்லை என்றார்கள். மச்சான் முறையான ஒருவர் மட்டும் உண்மையாக விசாரித்தார், தானும் செய்ய யோசிக்கிறாராம். இதற்குப் பிறகு மதுசாரம் கிடுகிடென்று இரத்தத்தில் ஏறும், கள்ளைக் கைவிடத்தான் வேண்டும் என்றதும் வேறு கதைக்குப் போய்விட்டார்.

ஆகக் குறைந்தது 77 கிலோ, பதினைந்தாம் மாதத்தில். இப்போது 82. இந்த ஐந்து கிலோவை யாரும் என்னிடமிருந்து மறைக்கவில்லை, வரும் என்று முதலிலேயே சொன்னார்கள். சுவீடனில் 1987 இல் தொடங்கி நீண்டகாலம் தொடர்ந்த ஆய்வில், சத்திரசிகிச்சை செய்த சீனி வருத்தக்காரரில் இரண்டு வருடத்தில் நூற்றுக்கு 72 பேருக்குச் சீனி வழமைக்கு வந்திருந்தது. பத்து வருடத்தில் அது 36 ஆகிவிட்டது. அந்தக் காலத்தில் செய்த முறைகள் பெரும்பாலும் வேறு. என்றாலும் எண் எண்தான். செய்யாதவர்களோடு ஒப்பிட்டால் செய்தவர்களில் இறப்புக் குறைவு என்பதும் அதே ஆய்வில்தான் வந்தது. என் எச்பிஏ1சி 6.1, மெட்போர்மின் பாதி அளவில் தொடர்கிறது. பிரஷர் குளிசை ஒன்றாகிவிட்டது. பின்கழுத்தில் மடிப்புத் தெரிகிறது, கறுப்பு முக்கால்வாசி போய்விட்டது. தேசிக்காய் இப்போது சொதிக்குத்தான்.

போன மாதம் பக்கத்து வீட்டு மாமி தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். 31 வயது, 118 கிலோ, சீனி தொடங்கிவிட்டது, கொழும்பில் திகதி கேட்டிருக்கிறார்கள். என் கொப்பியை எடுத்து, சோதனைகள், குளிசைகள், அந்தச் சிவப்பு மட்டை எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் காட்டினேன். ஒரு மணிநேரம் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். போகும்போது படலையடியில் நின்று, தாய்க்குக் கேட்காமல் மெதுவாகக் கேட்டாள்:

"அக்கா, புட்டு எத்தினையாம் மாதம் சாப்பிடலாம்?"